அறுவை சிகிச்சைக்குப் பின் வாட்ச் காட்டும் ஸ்டெப் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

எழுபது வயது அப்பாவுக்குப் பெருங்குடலில் ஒரு பகுதியை எடுத்திருக்கிறார்கள். வீடு திரும்பி ஒரு வாரம் ஆகிறது, வாக்கர் பிடித்து நடக்கிறார். நீங்கள் வாங்கிக் கட்டிவிட்ட வாட்ச் முந்தாநாள் 900 ஸ்டெப் காட்டியது, நேற்று 350தான். ஒரு நாளைக்கு எத்தனை ஸ்டெப் நடந்தால் சரி, குறைந்தால் பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்கள் கவலை வேறு இடத்தில் இருப்பதாகத் தெரிகிறது. மருத்துவமனையில் இருந்தவரை நர்ஸ் வந்து பார்த்தார், டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். இப்போது வீட்டில் நீங்கள் மட்டும்தான். அவர்கள் செய்த வேலையை இந்த வாட்ச்சிடம் ஒப்படைக்கலாமா? நான் பதில் சொல்ல முயல்வது இந்தக் கேள்விக்குத்தான்.

நான் ஃபிசியோதெரபிஸ்ட். அறுவை சிகிச்சை முடிந்தவர்களை முதல்முறையாகக் கட்டிலிலிருந்து எழுப்பி நிற்கவைத்து நடக்கவைப்பது பல வருடமாக என் வேலை. நான் சர்ஜன் இல்லை, உங்கள் அப்பாவைப் பார்த்ததும் இல்லை. அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டெப் குறைந்ததோடு வயிற்றுவலி கூடுகிறது, வயிறு உப்பிக்கொண்டு போகிறது, காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி, காற்றும் மலமும் பிரியவில்லை, மூச்சு வாங்குகிறது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்று இதில் ஏதாவது ஒன்று இருந்தால் மீதியைப் பிறகு படியுங்கள். இப்போதே சர்ஜனைக் கூப்பிடுங்கள். மூச்சுத்திணறல் என்றால் நேராக எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

சரி, அப்படி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த 350 உண்மையா? பெரும்பாலும் இல்லை, அதைவிட அதிகமாகவே நடந்திருப்பார். வாட்ச்சுக்குள் இருப்பது முடுக்கத்தை அளக்கும் ஒரு சின்ன சில்லு. மேல் கீழ், முன் பின், இடம் வலம் என மூன்று திசைகளிலும் கை எப்படி அசைகிறது என்று அது பதிவு செய்கிறது. அந்த அசைவில் ஒரு சீரான தாளம் தெரிந்தால் ‘நடக்கிறார்’ என்று மென்பொருள் முடிவு செய்து எண்ண ஆரம்பிக்கும். ஆரோக்கியமானவர் வீசி நடக்கும் நடையை வைத்துத்தான் இதைப் பழக்கியிருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் இரண்டு கையும் வாக்கரைப் பிடித்திருக்கின்றன. கால் நகர்கிறது, மணிக்கட்டு நகரவில்லை. வாட்ச்சைப் பொறுத்தவரை அவர் உட்கார்ந்திருக்கிறார். வேகமும் ஒரு காரணம். சாதாரணமாக நாம் விநாடிக்கு 1.2 மீட்டருக்கு மேல் நடப்போம். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயதானவர்கள் பலர் அதில் பாதிகூட நடக்கமாட்டார்கள். விநாடிக்கு அரை மீட்டருக்குக் கீழே போனால் கையில் கட்டும் கருவிகள் பல ஸ்டெப்பைத் தவறவிடும். இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம், சந்தேகமே வேண்டாம். இன்னொரு சிக்கலும் உண்டு. தவறான எண்ணிக்கையைத் தவிர்க்க, தொடர்ந்து சில ஸ்டெப் வைத்த பிறகே எண்ணத் தொடங்கும்படி பல கருவிகளை அமைத்திருக்கிறார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஆறு ஸ்டெப், அங்கிருந்து பாத்ரூமுக்கு எட்டு ஸ்டெப் என்று நடப்பவருக்கு இந்த ஏற்பாடு பெரிய நஷ்டம். அவர் நாள் முழுக்க நடப்பதே அப்படித்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் வரும். கையை ஆட்டிப் பேசினாலும், சாப்பிட்டாலும், குலுங்கும் வண்டியில் போனாலும் சில கருவிகள் ஸ்டெப் ஏற்றிவிடும். முந்தாநாள் 900 வந்ததே, அன்றைக்கு செக்கப்புக்குக் காரில் போய்வந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியானால் 900க்கும் 350க்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி ரோட்டில் இருந்த குழிகளாக இருக்கலாம்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வாட்ச் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் எப்போதும் நடக்கும் வேகத்திலேயே வாக்கரோடு நடக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நடந்தபடி வாய்விட்டு எண்ணுங்கள். ஒரே மூச்சில் நிறைய நடக்கவைக்க வேண்டாம், 50 ஸ்டெப் போதும். பிறகு வாட்ச்சைப் பாருங்கள். 45க்கு மேல் ஏறியிருந்தால் நல்ல கருவி. 10, 15 என்று இருந்தால் அதே வாட்ச்சைக் கணுக்காலில், சாக்ஸுக்கு மேல் கட்டி மறுபடி எண்ணுங்கள். பட்டை நீளம் போதாவிட்டால் சாக்ஸின் மடிப்புக்குள் செருகினாலும் வேலை செய்யும். மெதுவாக நடப்பவர்களுக்குக் கணுக்கால்தான் சரியான இடம், ஏனென்றால் வாக்கர் பிடித்தாலும் கால் அசைந்தே ஆக வேண்டும். மருத்துவ ஆய்வுகளிலும் இதற்காகவே கணுக்காலில் கட்டும் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே குறை, கணுக்காலில் நாடித்துடிப்பு சரியாகப் பதிவாகாது. நாடித்துடிப்பு எனக்கு ஸ்டெப்பைவிட முக்கியம், அதற்குப் பின்னால் வருகிறேன். நடக்கும்போது காலில், படுத்திருக்கும்போது கையில் என்று மாற்றிக் கட்ட உங்களுக்குப் பொறுமை இருந்தால் அதுவே நல்லது.

சரியாக எண்ணினாலும் அந்த எண் சொல்லாத விஷயங்கள் உண்டு. காலை உணவுக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேப்பர் படித்தாரா, இல்லை கட்டிலில் சாய்ந்தே கிடந்தாரா என்று கைக்கடிகாரத்துக்குத் தெரியாது. இரண்டும் அதற்கு பூஜ்யம்தான். நுரையீரலுக்கோ இரண்டும் ஒன்றில்லை. நிமிர்ந்து உட்காரும்போது உதரவிதானம் தாராளமாக இறங்கும், நுரையீரலின் அடிப்பகுதி விரியும், சளி தேங்குவது குறையும். குடல் அறுவை சிகிச்சைக்கான துரித மீட்பு நெறிமுறைகளில் முதலில் வகுத்த இலக்கு நேரக் கணக்கில்தான் இருந்தது, ஸ்டெப் கணக்கில் இல்லை. அறுவை சிகிச்சை நடந்த அன்று 2 மணி நேரம், அடுத்த நாளிலிருந்து தினமும் 6 மணி நேரம் கட்டிலை விட்டு வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். அந்த 6 மணி நேரத்தில் பெரும்பகுதி நாற்காலியில் கழியலாம். இதில் நிற்கும், நடக்கும் நேரத்தை அளக்கத் தொடையில் ஒட்டும் கருவி இருக்கிறது. தொடை கிடையாக இருக்கிறதா, நேராக நிற்கிறதா என்பதை வைத்து நிற்பதை மற்றதிலிருந்து பிரித்துவிடும். வீட்டுக்கு அது தேவையில்லை, உங்கள் கண்ணே போதும்.

ஏன் இப்படி எழுப்பி நடத்துகிறோம் என்பதற்கும் வரலாறு உண்டு. அந்தக் காலத்தில் வயிற்றைத் திறந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கவைப்பார்கள், எழுந்தால் தையல் பிரிந்துவிடும் என்ற பயம். சிகாகோவில் எமில் ரீஸ் என்ற மருத்துவர் 1899லேயே அதற்கு எதிராக எழுதினார். பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. 1966ல் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அதே ஐந்து பேரை 30 வருடம் கழித்துச் சோதித்தபோதும் அந்த மூன்று வாரப் படுக்கை அளவுக்கு அவர்கள் தேய்ந்திருக்கவில்லை. 2007ல் வந்த இன்னொரு ஆய்வில், நோய் எதுவும் இல்லாத வயதானவர்கள் 10 நாள் படுக்கையில் இருந்ததற்கே கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசையை இழந்தார்கள். உங்கள் அப்பா வயதுக்கு இந்த இரண்டாவது ஆய்வுதான் பொருந்தும். 1990களில் டென்மார்க்கின் சர்ஜன் ஹென்ரிக் கேலெட், வலியை நன்றாகக் கட்டுப்படுத்தி, சீக்கிரம் சாப்பாடு கொடுத்து, சீக்கிரம் நடக்கவைக்கும் முறையைக் குடல் அறுவை சிகிச்சையில் நிலைநிறுத்தினார். இன்று பல நாடுகளில் நடப்பது அதன் வழிவந்ததுதான். ஆகவே படுத்தே கிடப்பது கெடுதல் என்பது உறுதி. எவ்வளவு நடந்தால் எவ்வளவு நன்மை என்பது அவ்வளவு உறுதியில்லை.

இனி எத்தனை ஸ்டெப் என்பது. 10,000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அது 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. அறுவை சிகிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அறுவை சிகிச்சையையொட்டி எனக்குத் தெரிந்த உருப்படியான எண் 2019ல் லாஸ் ஏஞ்சலிஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையிலிருந்து வந்தது. பலவகைப் பெரிய அறுவை சிகிச்சைகள் செய்துகொண்ட 100 பேருக்குக் கருவி கட்டிப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு மறுநாள் ஸ்டெப் எண்ணிக்கை 1,000 வரை கூடக்கூட, மருத்துவமனையில் அதிக நாள் தங்க வேண்டிவரும் வாய்ப்பு குறைந்துகொண்டே வந்தது. 1,000ஐத் தாண்டிய பிறகு கூடுதல் வித்தியாசம் தெரியவில்லை. இதை ‘1,000 நடந்தால் சீக்கிரம் குணமாகும்’ என்று பலர் படித்துவிடுகிறார்கள். அந்த ஆய்வு சொன்னது அது இல்லை. நன்றாகத் தேறுகிறவர் இயல்பாகவே அதிகம் நடப்பார். உள்ளே ஏதோ சரியில்லாதவர் எழுந்திருக்கவே மாட்டார். அப்படியானால் நடையால் குணம் வந்ததா, குணத்தால் நடை வந்ததா? கவனித்து எழுதும் ஆய்வால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துப் பார்க்க ஒரு வழிதான் இருக்கிறது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தை மட்டும் அதிகமாக நடக்கவைக்க வேண்டும். கனடாவின் மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகக் குழு அதைச் செய்து 2017ல் வெளியிட்டது. உங்கள் அப்பாவுக்கு நடந்த அதே வகை அறுவை சிகிச்சை, பெருங்குடல், மலக்குடல். ஒரு குழுவுக்கு எழுப்பி நடத்துவதற்கென்றே தனியாக ஆள் போட்டார்கள். மற்றக் குழுவுக்கு வழக்கமான துரித மீட்புச் சிகிச்சை. முதல் குழு கட்டிலை விட்டு அதிக நேரம் வெளியே இருந்தது உண்மை. ஆனால் நாலு வாரம் கழித்து நடக்கும் திறனைப் பார்த்தால் இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனக்கு இந்த முடிவு கொஞ்சம் ஏமாற்றம்தான், என் தொழிலே அதுவாயிற்றே. இதை வைத்து நடையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. மற்றக் குழுவும் படுத்தே கிடக்கவில்லை, எழுந்து நடக்கச் சொல்லி அவர்களுக்கும் அறிவுரை இருந்தது. படுக்கையிலிருந்து எழுந்து ஓரளவு நடமாடத் தொடங்கிவிட்டால், அதற்கு மேல் தள்ளித் தள்ளி நடக்கவைப்பதில் கிடைக்கும் லாபம் சின்னது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கினால் காய்ச்சல் இறங்கிவிடாது. இந்தக் கட்டத்தில் ஸ்டெப் எண்ணிக்கையும் அந்த வகையான எண்தான். அப்பா எப்படி இருக்கிறார் என்று அது தெரிவிக்கிறது. அதைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுபோனால் அவரும் கூடவே மேலே வந்துவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே இலக்கு எண் என்று ஒன்றை நான் தரமாட்டேன். அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு வாரமாவது அவர் அதே வாட்ச்சைக் கட்டியிருந்தால் நல்லதாக இருந்திருக்கும், அவருடைய பழைய அளவில் எத்தனை சதவீதம் திரும்பியிருக்கிறது என்று பார்த்திருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் அது இருக்காது. அப்போதெல்லாம் யாருக்கும் வாட்ச் ஞாபகம் வராது. பரவாயில்லை, இந்த வாரத்தையே ஆரம்பமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீர்கள், மூன்று நாள் சராசரியைப் பாருங்கள். அந்தச் சராசரி இந்த வாரத்தைவிட அடுத்த வாரம் மேலே இருந்தால், ஏறியது 100ஆக இருந்தாலும், நல்ல திசைதான். நடையைக் கூட்டும்போது முதலில் தடவையைக் கூட்டுங்கள், நீளத்தை அப்புறம் கூட்டலாம். ஒரே தடவையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு நாள் முழுக்கப் படுப்பதைவிட, விழித்திருக்கும் நேரத்தில் ஒரு மணி, ஒன்றரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலைந்து நிமிடம் நடப்பது அவருக்கு ஏற்றது. நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு இழுத்தால் வேகம் அதிகம். மூன்று வேளைச் சாப்பாடும் நாற்காலியில் நடக்கட்டும். எழுந்தவுடனே நடக்க வேண்டாம், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகு எழட்டும். கனமான பொருளைத் தூக்குவதற்குச் சர்ஜன் வைத்திருக்கும் கெடு தனி. நடை நன்றாக இருக்கிறது என்பதற்காக அதைத் தளர்த்தக் கூடாது.

நேற்று ஸ்டெப் குறைந்ததைப் பற்றி. ஒரு நாள் குறைந்தால் முதலில் சாதாரணக் காரணங்களைத் தேடுங்கள். சார்ஜ் போட்டுக் கழற்றிவைத்தீர்களா? ஆய்வுகளில் ஒரு நாளைக்குக் குறைந்தது 10 மணி நேரம் கட்டியிருந்தால்தான் அந்த நாளையே கணக்கில் எடுப்பது வழக்கம். வீட்டில் இந்த நிபந்தனையை யாரும் பார்ப்பதில்லை. இரவு தூக்கம் இல்லையா, வலி மாத்திரை மாற்றினார்களா, வயிற்றுப்போக்கா, பார்க்க வந்தவர்கள் நாள் முழுக்கப் பேச உட்காரவைத்துவிட்டார்களா? மீட்பு படிப்படியாக ஏறிக்கொண்டே போவதில்லை. நன்றாக நடந்த மறுநாள் அசதியாகக் கிடப்பது நான் அடிக்கடி பார்ப்பது. அதற்காக அவரைத் திட்ட வேண்டாம்.

இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தால், அதுவும் சாதாரணக் காரணம் எதுவும் கிடைக்காவிட்டால், நான் சும்மா இருக்கமாட்டேன். குடலை வெட்டி இணைத்த இடத்தில் கசிவு ஏற்படுவது இந்த அறுவை சிகிச்சையில் எல்லோரும் பயப்படும் சிக்கல். அது பெரும்பாலும் முதல் வாரத்தின் பின்பாதியிலும் அதையொட்டிய நாட்களிலும் தெரியவரும், சிலருக்கு வீடு திரும்பிய பிறகும் வரும். சில நேரம் ஆரம்பத்தில் பெரிய வலியாகத் தெரியாது. ‘என்னமோ முடியல’ என்று படுத்துக்கொள்வார், சாப்பாடு வேண்டாம் என்பார், நாடித்துடிப்பு ஏறும். இங்கேதான் வாட்ச்சின் இன்னொரு எண் உதவுகிறது. ஓய்வாக இருக்கும்போது நாடித்துடிப்பு என்ன என்று தினமும் ஒரே நேரத்தில், காலையில் எழுவதற்கு முன் குறித்துவையுங்கள். தினமும் 78, 80 என்று இருந்தவருக்கு 95, 100 என்று ஏறி, அதே நாளில் ஸ்டெப்பும் விழுந்தால் அந்த இரண்டும் சேர்ந்தது எனக்குப் போதும், சர்ஜனுக்கு போன் போட்டுவிடுவேன். கசிவாகத்தான் இருக்கும் என்று அர்த்தமில்லை. நெஞ்சில் சளி, காயத்தில் சீழ், சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றியது, ரத்தம் குறைந்தது, காலில் உருவான ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனது என்று எதுவாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலையுமில்லை, வாட்ச்சின் வேலையுமில்லை. இன்னொரு எச்சரிக்கை. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் நாடித்துடிப்பு ஏற வேண்டிய அளவு ஏறாது. அவருக்கு 80 என்று காட்டுவதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. சந்தேகம் வந்தால் மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள், வாட்ச்சைவிட அது நம்பகமானது. துடிப்பு தாளமில்லாமல் தாறுமாறாக இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வாட்ச் காட்டும் மற்ற எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மணிக்கட்டில் காட்டும் ஆக்ஸிஜன் அளவு கை குளிர்ந்திருந்தாலோ பட்டை தளர்ந்திருந்தாலோ கண்டபடி ஓடும். விரலில் மாட்டும் கருவிகளே கருமையான தோல் உள்ளவர்களுக்கு இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பது 2020ல் பெரிய அளவில் வெளிவந்த விஷயம். ஆக, 97 என்று போட்டிருக்கிறதே என்று மூச்சு வாங்குபவரை வீட்டில் வைத்திருக்காதீர்கள். தூக்கக் கணக்கு, கலோரி, ‘உடல் ஆற்றல்’ என்று ஏதோ ஒரு மதிப்பெண், எல்லாவற்றையும் தள்ளிவிடலாம். அதேபோல் பக்கத்து வீட்டுக்காரர் வேறு கம்பெனி வாட்ச்சில் 3,000 நடந்தாராம் என்ற ஒப்பீடும் வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குமுறையைத் தனக்குள் வைத்திருக்கிறது, மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் ஒரே வாட்ச்சின் எண்ணிக்கையே மாறக்கூடும். ஆறு வாரத்துக்கு ஒரே வாட்ச், ஸ்டெப் எண்ணுவதற்குக் கட்டுவதும் ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சொன்னது வயிற்று அறுவை சிகிச்சைக்கு. முழங்கால் மாற்றியவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே ஆரம்பத்தில் அதிக ஸ்டெப் என்றால் அதிக வீக்கம், வீக்கம் வந்தால் முட்டியை மடக்க வராது. மடக்கி நீட்டுவதுதான் முதல் வாரங்களின் முக்கிய வேலை, அதை எந்த வாட்ச்சும் எண்ணுவதில்லை. எலும்பு முறிவுக்குப் பிளேட் வைத்தவருக்கு எத்தனை ஸ்டெப் என்பதைவிட அந்தக் காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதே கேள்வி. நொண்டி வைத்த ஸ்டெப்பும் நேராக வைத்த ஸ்டெப்பும் கணக்கில் ஒன்றாகத்தான் விழும்.

கட்டுவதிலும் சில கவனங்கள் உண்டு. டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருந்தால் அந்தக் கையில் பட்டையே கூடாது. மார்பக அறுவை சிகிச்சையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கம் இறுக்கிக் கட்ட வேண்டாம். பேஸ்மேக்கர் இருந்தால் வாட்ச், அதன் சார்ஜர் இரண்டையும் நெஞ்சிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், காந்தம் இருக்கிறது. உடல் கொழுப்பை அளக்க லேசான மின்சாரம் செலுத்தும் வாட்ச்சுகளில் அந்த வசதியைத் தொடவே வேண்டாம். எம்ஆர்ஐ என்றால் கழற்றிவிட வேண்டும். கை கால் வீங்கியிருந்தால் பட்டைக்கு அடியில் தோலைத் தினமும் பாருங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது வீட்டு அரசியலைப் பற்றி. வாட்ச் வந்த நாளிலிருந்து சில வீடுகளில் நோயாளிக்கும் பிள்ளைகளுக்கும் நடக்கும் பேச்சே மாறிவிடுகிறது. ‘எப்படிப்பா இருக்கு?’ என்று கேட்டது போய் ‘இன்னைக்கு எவ்வளவுப்பா?’ என்று ஆகிவிடும். சில பேருக்கு அது உற்சாகம், தானே பார்த்துத் தானே கூட்டுவார்கள். சில பேருக்கு அது பரீட்சை. எண் குறைந்துவிட்டதே என்று இரவு பத்து மணிக்கு யாரும் பக்கத்தில் இல்லாமல் எழுந்து நடக்கப் போய் விழுந்தால், ஒரு இடுப்பு முறிவு இத்தனை நாள் தேறியதையெல்லாம் அழித்துவிடும். ஜெர்மனியில் வயிற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குத் தங்கள் எண்ணைத் தாங்களே பார்க்கும்படி கருவி கொடுத்துக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். சின்னத் துளைகள் வழியாக, அதாவது லேப்ராஸ்கோப்பியில் செய்தவர்கள் அதனால் அதிகம் நடந்தார்கள், வயிற்றைத் திறந்து செய்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. வலிக்கிற உடம்பை எண் காட்டி எழுப்ப முடியாது என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்கு எந்த வகையில் செய்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இருக்கும். அவருக்கு எண் பிடிக்கவில்லை என்றால் திரையை அணைத்துவிட்டு உங்கள் போனில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கட்டியிருப்பதற்கு மட்டும் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நர்ஸின் இடத்தில் வாட்ச்சை வைக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் இடுப்பு, முழங்கால் மாற்றியவர்களுக்குக் கருவி கட்டி, குறுஞ்செய்தி அனுப்பி, வலியைக் கேட்டு, தேவைப்பட்டால் மருத்துவக் குழு அழைக்கும்படி ஏற்பாடு செய்து 2020ல் ஒரு குலுக்கல் ஆய்வு வெளியிட்டார்கள். எதை முக்கிய நோக்கமாக வைத்தார்களோ அதில், அதாவது மருத்துவமனையிலிருந்து நேராக வீட்டுக்கே போவதில், வித்தியாசம் வரவில்லை. மீண்டும் மருத்துவமனையில் சேர்வது மட்டும் குறைந்தது. அது இரண்டாம் நிலைக் கண்டுபிடிப்பு, அதனால் அளவோடுதான் நம்ப வேண்டும். அப்படியே உண்மையாக இருந்தாலும் பாராட்டு வாட்ச்சுக்கு மட்டும் போகாது, மறுமுனையில் ஒரு ஆள் இருந்தார். உங்கள் அப்பாவின் வாட்ச்சுக்கு மறுமுனையில் இருப்பது நீங்கள் மட்டும்தான். எனவே சர்ஜனின் அலுவலகத்திடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: இரவிலும் விடுமுறையிலும் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், யார் எடுப்பார்கள். போன் செய்யும்போது ‘ஸ்டெப் குறைந்துவிட்டது’ என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘மூன்று நாளாகச் சராசரி 700 இருந்தது, இரண்டு நாளாக 300, காலை நாடி 80லிருந்து 98, நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, காய்ச்சல் இல்லை’ என்று சொன்னால் அவர் உடனே நிமிர்ந்து உட்கார்வார். இதற்காகத்தான் ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி எழுதச் சொல்கிறேன்: ஸ்டெப், காலை நாடி, அன்று எப்படி இருந்தார் என்று நாலு வார்த்தை.

எத்தனை நாள் இதைத் தொடர்வது? பழைய நடமாட்டம் ஏறக்குறைய திரும்பிவிட்டால், பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், நிறுத்திவிடலாம். எடுத்த பகுதியின் பரிசோதனை முடிவைப் பார்த்துக் கீமோதெரபி தேவை என்று சொன்னால் மட்டும் நிறுத்தாதீர்கள். அதைத் தொடங்குவதற்கு முன் புற்றுநோய் மருத்துவர் பார்க்கும் முக்கியமான விஷயங்களில் ஒன்று, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் நோயாளி எழுந்து நடமாடுகிறாரா, இல்லை பாதிக்கு மேல் கட்டிலிலும் நாற்காலியிலுமே இருக்கிறாரா என்பது. எந்த அளவு மருந்தை உடல் தாங்கும் என்ற முடிவுக்கு அதுவும் ஒரு ஆதாரம். கேட்டால் நோயாளி ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பார், பிள்ளைகள் ‘எப்பவும் படுத்தேதான் இருக்கார்’ என்பார்கள். அந்த நோட்டை மேசையில் வைத்தீர்கள் என்றால் அந்த வாக்குவாதம் தேவைப்படாது.